தேதியெல்லாம் சரி, வாதம் எங்கே?

கேள்வி: அமெரிக்காவில் இன்ஜினீயரிங் முதலாண்டு படிக்கிறேன். ஆசைப்பட்டு நவீன அமெரிக்க வரலாறும் உலகப் போர்களும் என்ற பாடத்தை எடுத்தேன். தேதி, பெயர் எல்லாம் மனப்பாடம். ஆனால் முதல் கட்டுரைக்கு 'சி' கிரேடு. "தகவல் இருக்கிறது, வாதம் எங்கே?" என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். பாடத்தை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. பேராசிரியர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதைச் சரிசெய்வதும் உங்களால் முடிகிற காரியம்தான். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது என்பது வெறும் தகவல். நம்மைப் போரில் சிக்கவிடாமல் காத்தவர் என்ற பிரசாரத்தோடு 1916 நவம்பரில் ஜெயித்த அதிபர் வில்சன், ஐந்தே மாதத்தில் ஏன் போருக்குப் போனார்? ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்களா, அமெரிக்காவுக்கு எதிராகக் கூட்டுச் சேர மெக்சிகோவை ஜெர்மனி ரகசியமாக அழைத்த ஜிம்மர்மன் தந்தியா, பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் அமெரிக்க வங்கிகள் கொடுத்திருந்த கடனா? இதில் எது முக்கியம் என்று நீங்கள் ஒரு பக்கம் நின்று, சான்று காட்டி எழுத வேண்டும். அவர் கேட்கிற வாதம் அதுதான்.

அடுத்த கட்டுரைக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம்களை எடுங்கள். ஹவாயில் இருக்கிற பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதியிலிருந்து சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் ராணுவம் ஒட்டிய அறிவிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. படுக்கை விரிப்பு எடுத்து வரலாம், மெத்தை கூடாது. ஆளுக்கொரு தட்டு, கிண்ணம், கோப்பை, கரண்டி. கையில் தூக்க முடிந்தது மட்டும். வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. இதை மெதுவாகப் படியுங்கள், படித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். குண்டு விழுந்ததே ஹவாயில்தான், அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். அங்கே ஏன் இப்படிக் கூண்டோடு அப்புறப்படுத்தவில்லை? அவர்களுடைய உழைப்பு இல்லாமல் தீவு ஓடாது என்பதாலா? கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாக ஊறிக்கிடந்த ஆசிய வெறுப்பும் நிலத்தின் மேல் வெள்ளை விவசாயிகளுக்கு இருந்த கண்ணும் காரணமா? ராணுவத் தேவை என்ற எதிர்த்தரப்பையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும், ஏனென்றால் 1944-இல், வெளியேறச் சொன்ன உத்தரவை மீறிய ஜப்பானிய அமெரிக்கர் கோரமாட்சுவின் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. அப்புறம் 1988-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது. இவ்வளவு கனமான விஷயத்தைத் தேதிப் பட்டியலாகச் சுருக்கினால் அந்த மனிதர்களுக்கே அநியாயம்.

மூல ஆவணங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகம், காங்கிரஸ் நூலகம் இரண்டின் இணையதளங்களும் போதும், காசு கிடையாது. போர் பற்றிய சினிமாக்களைச் சான்றாக எழுதாதீர்கள்.

இன்னொன்று, எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருந்தால் பாடத்தைக் கைவிடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும், இளநிலை மாணவருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் விசாவுக்கே சிக்கல் வரலாம். இந்த வாரமே பேராசிரியரின் ஆபீஸ் நேரத்தில் போய் உட்காருங்கள். உங்கள் வாதத்தை ஒரே வரியில் எழுதி எடுத்துப் போய், "இது நிற்குமா சார்?" என்று கேளுங்கள்.