வலிப்பு மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 27. போன வருடம் முதல் குழந்தை உண்டானபோது ஐந்தாம் மாத ஸ்கேனில் முதுகுத்தண்டில் பிளவு, தலையிலும் நீர் என்று சொன்னார்கள். கருவைக் கலைக்க வேண்டியதாகிவிட்டது. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். கணவர் என் அத்தை மகன். முதுகுவலிக்காக எடுத்த எக்ஸ்ரேயில் அவருக்கு 'ஸ்பைனா பைஃபிடா ஆக்கல்ட்டா' என்று எழுதியிருந்தது. அவரிடமிருந்து வந்ததா, இல்லை நான்தான் காரணமா? அடுத்த குழந்தைக்கும் அப்படியே ஆகுமா? இன்டர்நெட்டில் பார்த்து, ஃபோலேட் வைட்டமினின் ஒரு வகையான மெத்தில்ஃபோலேட் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா? கல்லூரியில் படிக்கும்போது இரண்டு முறை ஃபிட்ஸ் வந்ததால் காலை, இரவு வால்ப்ரோயேட் மாத்திரை போடுகிறேன். இது கணவருக்கு மட்டும் தெரியும். மாமியார் கூடவே வருவதால் பிரசவ டாக்டரிடமும் சொல்லவில்லை. மாத்திரை கருவுக்கு ஆகாது என்று படித்ததும் இரண்டு மாதமாகக் காலை மாத்திரையை விட்டுவிட்டேன். இப்போது தூக்கம் சரியில்லை. சில நாள் காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி டம்ளர் நழுவுகிறது. சத்துக்குறைவா?
- கரூர் மாவட்ட வாசகி

பதில்: இதைச் சத்துக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் இன்றைக்கே கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான்.

காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை திடீரென்று உதறுவது, பிடித்திருப்பது நழுவி விழுவது, இரவு தூக்கம் கெட்டால் அது அதிகமாவது, இவை எல்லாம் இளவயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பின் அடையாளம். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாதுதான். ஆனால் மாத்திரையைப் பாதியாக்கிய பிறகு இது வருகிறது என்றால், நான் முதலில் வலிப்பைத்தான் சந்தேகிப்பேன். இந்தச் சின்ன உதறல்கள் அடுத்தடுத்து வந்து, முழு வலிப்பாக மாறலாம். அது அடுப்பின் முன்னால் வரலாம், ஸ்கூட்டரில் போகும்போது வரலாம்.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உடனே நேரம் கிடைக்காவிட்டால், மாத்திரை எழுதிக் கொடுத்தவரைப் போனில் பிடித்து, காலை மாத்திரையை மறுபடி எப்படித் தொடங்குவது என்று இன்றே கேளுங்கள். நாள் தள்ளியிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டு போங்கள். கரு உண்டாகியிருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். கதவைத் தாழிட்டுக் குளிக்க வேண்டாம். இரவில் சீக்கிரம் படுங்கள்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் இன்டர்நெட்டில் படித்த செய்தி உண்மை. அதை வைத்து நீங்கள் செய்தது தவறு. வால்ப்ரோயேட்டுக்கும் முதுகுத்தண்டுப் பிளவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது 1982-லேயே பிரான்சின் லியோன் பகுதியில் பிறவிக் குறைபாடுகளின் பதிவேட்டைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது. இந்த மாத்திரையோடு கருத்தரிக்கும் 100 பேரில் 1 அல்லது 2 பேரின் குழந்தைக்கு அந்தப் பிளவு வரலாம். இதயம், அண்ணம், கைகால் என எல்லாப் பெரிய குறைபாடுகளையும் சேர்த்தால் 100-க்கு 10 வரை போகும். மாத்திரை எதுவும் போடாத தாய்மாருக்கு அது 2 முதல் 3. இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. உடலில் எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளிலும் பேச்சு, படிப்பு, அறிவு வளர்ச்சி பின்தங்குவது 100-க்கு 30 முதல் 40 பேரிடம் தெரிகிறது. அதனால்தான் பிரிட்டனில் 2018 முதல், வேறு மருந்து பலிக்காத நிலையில், உறுதியான கருத்தடை ஏற்பாட்டோடுதான் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இதை எழுதலாம் என்று விதி வைத்தார்கள். உங்களுக்கு இதை எழுதிக் கொடுத்தவர் அன்றே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் என்பதால் சொல்லாமல் விடுவது இங்கே வழக்கமாகிப் போயிற்று. அது எனக்குக் கோபம் தரும் வழக்கம்.

அளவு குறைந்தால் கருவுக்கான ஆபத்தும் குறையும், ஆனால் முழுக்கப் போய்விடாது. நீங்கள் பாதி மாத்திரையோடு கருத்தரித்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். குழந்தைக்கும் பாதுகாப்பு இல்லை, உங்கள் வலிப்பும் கட்டுப்படாது. கர்ப்ப காலத்தில் பெரிய வலிப்பு வந்து கீழே விழுந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து.

லெவெட்டிராசெட்டம், லாமோட்ரிஜின் ஆகிய இரண்டு வலிப்பு மருந்துகளும் கருவுக்கு வால்ப்ரோயேட்டைவிட மிகவும் பாதுகாப்பானவை. எது உங்கள் வகை வலிப்புக்குப் பொருந்தும் என்பது நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. சில வலிப்பு மருந்துகள் இந்தக் கை உதறலை அதிகமாக்கும், அதனால் தெரிந்தவர் போடும் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். மாற்றுவது ஒரே நாளில் நடக்காது. புதியதை மெல்ல ஏற்றி, பழையதை மெல்ல இறக்க வேண்டும். லாமோட்ரிஜினை வால்ப்ரோயேட்டோடு சேர்த்து வேகமாக ஏற்றினால் தோல் கொப்பளித்து உரியும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். ஆகவே சில மாதங்கள் ஆகும். புதிய மருந்தில் வலிப்பு அடங்கியிருக்கிறது என்று உறுதியான பிறகு குழந்தைக்கு முயற்சி செய்யுங்கள். அதுவரை ஆணுறையோ காப்பர்-டியோ போதும். கருத்தடை மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். அதுவும் லாமோட்ரிஜினும் ஒத்துப்போவதில்லை.

"நான்தான் காரணமா?" இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இருந்த நோய்க்கு மருத்துவர் எழுதிய மாத்திரையைப் போட்டீர்கள். அதில் ஒரு குற்றமும் கிடையாது. அந்த மாத்திரைக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் குழந்தைக்கு அதனால்தான் வந்தது என்று உறுதியாக எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. எந்த மாத்திரையும் போடாதவர்களுக்கும் இது வருகிறது. மூளை, தண்டுவடப் பிளவுக் குறைகள் இந்தியாவில் 1000 பிரசவத்துக்கு ஏறக்குறைய 4 என்ற அளவில் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் வலிப்பு மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இது எப்போது நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் மனம் கொஞ்சம் ஆறும். கரு உருவான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப் பக்கத்தில் செல்கள் தடித்து ஒரு பட்டை உண்டாகிறது. பாயின் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவில் சேர்ப்பது போல, அந்தப் பட்டையின் ஓரங்கள் எழும்பி, தொட்டு, ஒட்டிக்கொண்டு குழலாகின்றன. கழுத்து வரும் இடத்தில் ஒட்ட ஆரம்பித்து மேலேயும் கீழேயும் போகும். மேல்வாய் சுமார் 25-ஆம் நாளிலும், கீழ்வாய் 28-ஆம் நாளுக்குள்ளும் மூடிவிடும். இந்தக் குழலின் மேல்பகுதி மூளையாகிறது, கீழ்ப்பகுதி தண்டுவடமாகிறது. மேலே மூடாமல் போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாது, அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாமல் போனால் உங்கள் குழந்தைக்கு வந்த பிளவு.

தலையில் இருந்த நீரும் தனிக் குறை கிடையாது. முதுகுப் பிளவின் வழியாகத் தண்டுவட நீர் கசிவதால், சிறுமூளை கழுத்துப் பக்கமாகக் கீழே இறங்கிவிடுகிறது. நீர் வடியும் பாதை அங்கே அடைபட்டு, மூளையின் அறைகளில் தேங்குகிறது. முதுகில் நடந்த ஒன்றின் விளைவுதான் தலையிலும் தெரிந்தது.

நான் சொன்ன 28 நாள், கரு உருவான நாளிலிருந்து எண்ணுவது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்கூடத் தாண்டாத நேரம். பல பெண்கள் அப்போதுதான் கார்டு வாங்கிச் சோதித்துப் பார்க்கிறார்கள். இரண்டாம் மாதம் முடிந்து பதிவு செய்யப் போகும்போது குழந்தையின் முதுகு ஏற்கெனவே மூடியிருக்கும், அல்லது மூடாமல் நின்றிருக்கும். அதற்கு அப்புறம் நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, நடந்தது எதுவும் அந்தப் பிளவை உண்டாக்கியிருக்க முடியாது.

கிரகணம் காரணமே இல்லை. மாமியாரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம், நீங்கள் நம்பாமல் இருந்தால் போதும். கணவரின் எக்ஸ்ரேயைப் பீரோவில் வைத்துவிடுங்கள். எலும்பின் பின்வளைவு மட்டும் சரியாகச் சேராமல், தண்டுவடமும் தோலும் முழுமையாக இருக்கும் நிலை அது. 10 பேரில் ஒருவருக்காவது இருக்கும். வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மிரள வேண்டியதில்லை. சொந்தத்தில் கல்யாணம் சில மரபு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் இந்தக் குறைக்கு அதை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஒருமுறை மரபியல் ஆலோசனைக்குப் போய் வந்தால் நல்லது.

அந்த மெத்தில்ஃபோலேட்டுக்கும் ஜீன் டெஸ்டுக்கும் இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அந்த டெஸ்ட் பார்ப்பது, ஃபோலிக் ஆசிட்டை உடல் பயன்படுத்த உதவும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற ஜீனை. அது எந்த வகையில் இருந்தாலும் சாதாரண ஃபோலிக் ஆசிட் வேலை செய்யும். டெஸ்ட் முடிவு எப்படி வந்தாலும் நான் எழுதும் மாத்திரை மாறப்போவதில்லை. இந்தக் குறையைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்டது பழைய, மலிவான ஃபோலிக் ஆசிட்தான். 7 நாடுகளில் 33 மையங்களில், உங்களைப் போல ஏற்கெனவே இப்படி ஒரு கர்ப்பத்தைச் சந்தித்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1991-ல் முடிவு வந்தது. தினம் 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் மறுபடியும் இந்தக் குறை வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இங்கே கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. உங்களுக்கு அதுதான் அளவு, தினம் ஒன்று. இப்போதே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கி, கருத்தரித்து 12 வாரம் முடியும்வரை விடாதீர்கள். முதல் குழந்தையை எதிர்பார்க்கும், வேறு பிரச்சினை இல்லாத பெண்ணுக்கு 0.4 மில்லிகிராம் போதும், அவரும் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முருங்கைக்கீரை, பயறு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் உணவில் இருந்து மட்டும் இந்த அளவு வராது. மல்டிவிட்டமினை நாலைந்து சேர்த்துப் போட்டு அளவை எட்டப் பார்ப்பது ஆபத்து. அதிலிருக்கும் வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவைப் பாதிக்கும். நீங்கள் சுத்த சைவம் என்றால் ஃபோலிக் ஆசிட் தொடங்கும்போதே பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஃபோலிக் ஆசிட் போடுவதால் வால்ப்ரோயேட்டின் கெடுதல் நீங்கிவிடும் என்று நம்ப ஆதாரம் கிடையாது. மாத்திரையை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த குழந்தை பற்றிய பயத்துக்குப் பதில் இது. ஒருமுறை இந்தக் குறை வந்த தாய்க்கு மறுபடி வரும் வாய்ப்பு பொதுவாக 100-க்கு 2 முதல் 4. ஃபோலிக் ஆசிட் அதையும் குறைக்கிறது. வால்ப்ரோயேட்டும் விலகினால், ஆரோக்கியமான குழந்தையை நீங்கள் தாராளமாக எதிர்பார்க்கலாம்.

பிரசவ டாக்டரிடம் மாத்திரையை மறைத்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது. வலிப்பு என்று தெரிந்தால் கல்யாணமே நிற்கும் ஊரில் வாழ்கிறோம். வீட்டில் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் முடிவு செய்யுங்கள். ஆனால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள் அம்மா. அடுத்த முறை கணவரைக் கூட்டிப் போங்கள். மாமியாரும் வந்தால், உள்ளே போனதும் "டாக்டர், தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். உடல் பரிசோதனை என்று சொல்லி மற்றவர்களை வெளியே உட்காரவைப்பது எங்களுக்குப் பழக்கமான வேலை. நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் குடும்பத்திடம் சொல்ல மருத்துவருக்கு உரிமை கிடையாது. சொல்லியிருந்தால் போன முறையே 5 மில்லிகிராம் மாத்திரையும் நரம்பியல் மருத்துவருக்கு ஒரு கடிதமும் எழுதியிருப்பார். இந்த முறை கருத்தரிக்கும் முன்பே இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கரு உண்டானதும் நாள் கணக்குப் பார்க்க ஒரு ஸ்கேன். 11 முதல் 14 வாரத்துக்குள் இன்னொன்று, மண்டையோடு உருவாகாத குறை அதிலேயே தெரிந்துவிடும். 16 வாரத்தை ஒட்டி ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை, திறந்த பிளவு இருந்தால் தாயின் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அது அளக்கும். அப்புறம் 18 முதல் 20 வாரத்தில், கருநல மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர் செய்யும் விரிவான ஸ்கேன். முன்பு நடந்ததை அவரிடம் முதலிலேயே சொல்லி, பழைய ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடுங்கள். ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, எத்தனை எடுத்தாலும் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தில் லாமோட்ரிஜின் ரத்தத்தில் வேகமாகக் குறையும், லெவெட்டிராசெட்டமும் குறையலாம். ஆகவே நரம்பியல் மருத்துவரை மாதாமாதம் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கணவர் இதைப் படிக்கிறார் என்றால் அவருக்கு ஒரு விஷயம். மருந்து மாற்றும் காலத்தில் உங்கள் மனைவிக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.