பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் முகத்திலேயே அடிக்கிறது காற்று!
கார் ஏ.சி. வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வண்டி ஓட்டுவது என் கணவர். ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால்தான் அவருக்குத் திருப்தி. பக்கத்தில் உட்காரும் நான் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். கொஞ்ச நேரத்திலேயே கண் உலர்ந்து எரிய ஆரம்பித்துவிடும். கதவோரம் காற்று வரும் துவாரத்தை, அதாவது வென்ட்டை, மூடிவிடுகிறேன். ஆனால் நடுவில் என் பக்கம் இருக்கும் வென்ட்டுக்கு மூடும் சக்கரமே இல்லை. அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிடலாமா? "ஏ.சி. கெட்டுப்போகும்" என்று அவர் பயமுறுத்துகிறார்.

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

டேஷ்போர்டுக்கு உள்ளே ஒரு ப்ளோயர், அதற்கு அடுத்தாற்போல் கூலிங் காயில். ப்ளோயர் தள்ளும் காற்று காயிலைத் தாண்டிக் குளிர்ந்து, குழாய்கள் வழியாக நான்கு வென்ட்டுக்கும் பிரிகிறது. ஒன்றை அடைத்தால் அந்தக் காற்று மற்ற மூன்றுக்கும் போய்விடும், அவ்வளவுதான். கம்ப்ரசருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் விசில் சத்தம் வரலாம். நான்கையும் அடைத்தால்தான் வம்பு. காயில் மேல் ஓடும் காற்று குறைந்து, அதில் படியும் ஈரம் உறைய ஆரம்பிக்கும். உறைநிலையை நெருங்கும்போதே கம்ப்ரசரை நிறுத்த அங்கே ஒரு சென்சார் இருக்கிறது. அது பழுதான வண்டியில் காயில் முழுக்க ஐஸ் கட்டி, "முதலில் ஜில்லென்று வந்தது, அப்புறம் காற்றே வரவில்லை" என்று ஒர்க் ஷாப்புக்கு வருவார்கள். ஒரு வென்ட்டை மட்டும் அடைக்கப்போகும் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஆனாலும் அடைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணை உலர்த்துவது குளிர் இல்லை, காற்றின் வேகம். இது புரியாமல்தான் பல குடும்பங்களில் ஏ.சி. சண்டை முடியாமல் ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவர் "குளிருது" என்றதும் ஓட்டுகிறவர் டெம்பரேச்சரைக் கூட்டுவார். காற்று அதே வேகத்தில் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணும் எரிந்துகொண்டே இருக்கும். தொட வேண்டியது ப்ளோயர் வேகத்தை. கிளம்பும்போது வண்டிக்குள் வெக்கையாக இருந்தால் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடட்டும். உள்ளே குளிர்ந்த பிறகு இரண்டு படி இறக்கச் சொல்லுங்கள். குளிர் போதவில்லை என்று அவர் சொன்னால், வேகத்தை விட்டுவிட்டு டெம்பரேச்சரை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, திசை. நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையிலேயே உட்கார்ந்து, டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, நுனியைப் பிடித்து முகத்துக்கு முன்னால் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே படபடவென்று அடிக்கிறதோ அதுதான் காற்று வரும் பாதை. நம் கன்னம் சொல்வதை நம்ப முடியாது. நடு வென்ட் என்று நினைத்தது சில சமயம் கதவுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் காற்றாக இருக்கும். பாதை தெரிந்ததும் வென்ட்டின் பட்டைகளை முழுக்க மேலே தூக்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். காற்று கூரையை ஒட்டியே ஓடி வேகம் குறையும். குளிர்காற்று கனமானது என்பதால் பிறகு தானாகவே மெல்லக் கீழே இறங்கும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். முன்கண்ணாடி பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். வெளியே ஈரப்பதம் அதிகமான நாளில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி படிந்து, ஓட்டுகிறவருக்குப் பாதை மங்கிவிடும்.

மூடும் சக்கரம் இல்லை என்கிறீர்கள். பட்டையில் இருக்கும் சின்னக் கைப்பிடியை ஓரத்துக்குத் தள்ளி, நின்ற இடத்துக்கு மேலும் லேசாக அழுத்திப் பாருங்கள். சில கார்களில் அங்கே 'டக்' என்று ஒரு சத்தம் வந்து வென்ட் முழுதாக மூடிக்கொள்ளும். மேனுவலில் ஒரு வரியில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. லேசாகத்தான், முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு உடைந்தால் பட்டை எல்லாம் தொங்கிப்போகும்.

அதுவும் இல்லையென்றால், முகமும் காலும் சேர்ந்திருக்கும் படம் போட்ட பட்டனை அழுத்துங்கள். காற்றில் ஒரு பங்கு காலுக்குப் போய்விடும், முகத்தில் அடிப்பது அந்த அளவுக்குக் குறையும். எனக்கு மிகவும் பிடித்த பட்டன் இதுதான். பத்தில் எட்டுப் பேர் இதை ஹீட்டருக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இத்தனையும் செய்து பார்த்தும் தீரவில்லையா? சரி, அடைத்துவிடலாம். வென்ட்டுகளில் மாட்டும் காற்றுத் திருப்பி என்று ஒரு பிளாஸ்டிக் தகடு கிடைக்கும். காற்றை நிறுத்தாமல் மேலே வளைத்து விடும் என்பதால் அட்டையைவிட அது எனக்கு உகந்தது. கையால் செய்வதென்றால், வென்ட்டின் வாயளவுக்கு மெல்லிய ஃபோம் ஷீட்டை ஒரு நூல் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். விளிம்புக்குள் அழுத்தினால் தானாகவே இறுகி நிற்கும், பசை தேவையில்லை. வெளியே இழுக்க ஓரத்தில் ஒரு வால் விட்டு வெட்டுங்கள். துணி, பஞ்சு, காகிதச் சுருள் எதையும் பட்டைகளுக்கு நடுவே திணிக்காதீர்கள். உள்ளே விழுந்துவிட்டால் டேஷ்போர்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டி வரலாம்.

டேப் ஒட்டியே தீருவேன் என்றால் பெயின்டர்கள் ஓரம் கட்ட ஒட்டும் மாஸ்கிங் டேப்பாக இருக்கட்டும். அதையும் வெயிலில் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பார்சல் டேப்பின் பசை வெயிலில் இளகி டேஷ்போர்டிலேயே தங்கிவிடும். தங்கிவிட்டால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, கண்ணில் படாத மூலையில் முதலில் தேய்த்துச் சோதித்துவிட்டுத் துடையுங்கள். காந்த ஷீட் வாங்கி ஏமாற வேண்டாம். அது இரும்புக் கிரில் வைத்த வீட்டு ஏ.சி. துவாரத்துக்கு ஆனது. கார் வென்ட்டின் பட்டைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக், காந்தம் ஒட்டாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் எதிரே டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. அந்த மூடியின் மேல் அட்டையோ டேப்போ தகடோ ஒரு ஓரம்கூடப் படக்கூடாது. நீங்கள் கண் இமைப்பதற்குள் அது விரிந்துவிடும். மேலே இருக்கும் பொருள் அதே வேகத்தில் முகத்துக்கு வரும்.

நீண்ட பயணத்தில் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே. காற்றுக்கு அதுவே ஒரு தடுப்பு. காரை விட்டு இறங்கிய பிறகும் எரிச்சல் நீடித்தால் அது என் வேலை இல்லை, கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கதவோர வென்ட்டை முழுதாக மூடினாலும் மெல்லிசாகக் காற்று கசிகிறது. பழுதா?

பதில்: அநேகமாக இல்லை. பக்கக் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க ஓரத்து வென்ட்டில் கொஞ்சம் காற்று வரும்படியே பல கார்களை வடிவமைக்கிறார்கள். அப்படியில்லாமல் முன்பு நன்றாக மூடிக்கொண்டிருந்தது இப்போது கசிகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். சக்கரம் பிடிப்பில்லாமல் லொடலொடவென்று உருண்டால் உள்ளே இணைப்பு கழன்றிருக்கிறது. வென்ட்டிலிருந்து கறுப்பாகத் துணுக்குகள் பறந்து வந்து மடியில் விழுந்தால், உள்ளே இருக்கும் மடிப்புக் கதவுகளில் ஒட்டிய ஃபோம் வயதாகி உதிர்கிறது. இணைப்புதான் காரணம் என்றால் பல வண்டிகளில் வென்ட்டை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றிவிடலாம். அதற்கு மொத்த டேஷ்போர்டையும் இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு மெக்கானிக்கையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் காரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி டெம்பரேச்சர் உண்டு. என் பக்கம் கூட்டி வைக்கிறேன், வென்ட்டையும் மூடுகிறேன். அப்படியும் ப்ளோயர் சில சமயம் தானாகவே சீறுகிறது. ஏன்?

பதில்: டெம்பரேச்சர் இரண்டு என்றாலும், பெரும்பாலான கார்களில் ப்ளோயர் ஒன்றுதான். ஆட்டோவில் போட்டால் அதன் வேகத்தை சென்சார்கள் முடிவு செய்யும். ஸ்டியரிங் அருகே சல்லடை மாதிரி விரல் நுனி அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். பல கார்களில் வண்டிக்குள் எத்தனை சூடு என்று அளப்பது அதுதான். முகத்தில் படாமல் இருக்க நடு வென்ட்டைத் திருப்பி, அந்தக் குளிர்காற்று நேரே அதில் பட்டால், வண்டி முழுக்கக் குளிர்ந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். துவாரத்தை மறைத்தால் கணக்கே தப்பும். டேஷ்போர்டின் மேல் இருக்கும் கறுப்புக் குமிழ் வெயிலை அளப்பது. வெயில் ஏறினால் ப்ளோயரையும் ஏற்றும். நிழலிலிருந்து வெட்டவெளிக்கு வந்ததும் சீறுவது அதனால்தான். வேகத்தைக் கையால் ஒரு படி குறைத்தால் அது மட்டும் ஆட்டோவிலிருந்து விலகி நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும்.

கேள்வி: பின்சீட்டில் கைக்குழந்தை. பின்வென்ட் காற்று படாமல் குழந்தை சீட்டின் மேல் துண்டு போட்டு மறைக்கலாமா?

பதில்: வேண்டாம். துண்டுக்குள் காற்றோட்டம் நின்று குழந்தைக்குப் புழுங்கும், முகத்தில் நழுவியும் விழலாம். முன்சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் கன்சோலின் பின்முனையில் உள்ள வென்ட் என்றால் பெரும்பாலும் மூடும் சக்கரம் இருக்கும். கூரையில் தனி ப்ளோயர் வைத்த வண்டியில் அதன் வேகத்தைத் தனியாகக் குறைக்கலாம். பின்பக்கம் பார்த்து மாட்டிய குழந்தை சீட்டில் முன்வென்ட் காற்று முதுகுப்பக்க ஓட்டில்தான் படும். அதனால் அந்தக் குழந்தைக்குக் குளிரைவிட வெக்கைதான் பிரச்சினையாக இருக்கலாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வேர்த்திருந்தால் காற்று போதவில்லை. கை கால் சில்லிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கைக்குழந்தைகளுக்கு அது சாதாரணம்.

கேள்வி: வாடகைக் காரில் போகும்போது டிரைவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நானே வென்ட்டைத் திருப்பினால் தப்பாக எடுத்துக்கொள்வாரா?

பதில்: உங்கள் எதிரே இருக்கும் வென்ட்டைத் திருப்ப யார் அனுமதியும் வேண்டாம். நடுவில் இருப்பதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடுங்கள். "ஏ.சி.யை நிறுத்துங்க" என்றால் அவர் முகம் மாறலாம், அவரும் வெயிலில் ஓட்டுகிறவர். "ப்ளோயரை மட்டும் ஒரு பாயின்ட் குறைங்க" என்று கேளுங்கள், குறைத்துவிடுவார்.