'என்எஃப்எல் 1920' தோல் ஹெல்மெட்டை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். அவனுக்குப் பரிசாகக் கொடுக்க, 'என்எஃப்எல் 1920' (என்எஃப்எல் என்பது அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) என்று முத்திரை குத்திய பழைய தோல் ஹெல்மெட்டையும் 'தி டியூக்' என்று அச்சிட்ட பந்தையும் சேர்த்து 2,800 டாலருக்குத் தருவதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். இரண்டும் அசல் என்று சான்றிதழும் வைத்திருக்கிறாராம். நம்பலாமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். அந்த முத்திரையே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

1920இல் என்எஃப்எல் என்ற பெயரே கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று ஓஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு கார் ஷோரூமில் அணிக்காரர்கள் கூடினார்கள். நாற்காலி போதாமல் சிலர் கார்களின் பக்கப் படியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அன்று தொடங்கிய லீக்கின் பெயர் அமெரிக்கன் புரொஃபஷனல் ஃபுட்பால் அசோசியேஷன். அது என்எஃப்எல் ஆனது 1922இல்தான். அப்படியானால் முத்திரை பிற்காலத்தில் யாரோ குத்தியது.

ஹெல்மெட்டே போலியா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. தோல் என்றாலே 1920கள் என்று நினைப்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. அந்தக் காலத்தில் ஹெல்மெட் கட்டாயமே இல்லை. 1940இல்கூட சிகாகோ பேர்ஸ் அணியின் டிக் பிளாஸ்மன் வெறுந்தலையோடு ஆடினார். என்எஃப்எல் அதைக் கட்டாயமாக்கியது 1943இல். ரிடெல் நிறுவனத்தின் பிளாஸ்டிக் ஹெல்மெட் 1939இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆரம்ப கால பிளாஸ்டிக் அடிபட்டால் உடைந்து சிதறியது. அதனால் 1948இல் லீக் அதற்குத் தடை போட்டு, அடுத்த ஆண்டே தடையை நீக்கியது. அதாவது 1948இலும் தொழில்முறை வீரர்கள் தோல் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார்கள். பள்ளிப் பையன்கள் அதற்குப் பிறகும் போட்டார்கள். இன்று சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கடைகளில் பையன்களுக்கு விற்ற ரகம். உங்களுக்குக் காட்டியதும் அப்படி ஒன்றாக இருக்கலாம். அதுவும் பழைய பொருள்தான், ஆனால் இந்த விலைக்குத் தகுந்ததல்ல.

பந்துக்கு வருவோம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி உரிமையாளரின் மகன் வெலிங்டன் மாராவின் செல்லப்பெயர்தான் 'தி டியூக்'. வில்சன் நிறுவனம் அந்தப் பெயரில் 1941 முதல் 1969 வரை லீக்குக்குப் பந்து செய்தது. 2006இல் அதே பெயர் திரும்பி வந்தது; இன்றும் கடையில் புதிதாகவே கிடைக்கிறது. எனவே பெயரை விட்டுவிட்டு, அதில் அச்சிட்ட கமிஷனர் (லீக்கின் தலைவர்) கையெழுத்தைப் பாருங்கள். பெர்ட் பெல் என்றிருந்தால் 1946 முதல் 1959 வரை, பீட் ரோசெல் என்றால் அதற்குப் பிறகு. ரோஜர் குடெல் பெயர் இருந்தால் அது நேற்றைய பந்து.

சான்றிதழ் விஷயத்தில் எனக்குப் பொறுமையே போய்விட்டது. முடி வெட்டக்கூட உரிமம் கேட்கும் நாட்டில், விளையாட்டு நினைவுப் பொருளுக்குச் சான்றிதழ் தர எந்த உரிமமும் வேண்டாம். ஒரு பிரிண்டர் இருந்தால் போதும். 1990களின் இறுதியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' நடத்தி, போலிக் கையெழுத்துப் பொருள்களை விற்ற கும்பலைப் பிடித்தபோது, அவற்றோடு போலிச் சான்றிதழ்களும் போயிருந்தது தெரிந்தது. அப்புறமும் இந்தச் சந்தையை ஒழுங்குபடுத்த உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. விற்பவர் 'இன்னொருவர் கேட்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள்' என்று அவசரப்படுத்தினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இதற்குப் பிறகும் வாங்க ஆசை இருந்தால், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற விவரத்தையும், திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் தருவேன் என்ற உறுதியையும் எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். நண்பருக்கு அனுப்புவதுபோல ஆப்பில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். போன பணத்தை மீட்பது மிகவும் கடினம்.