எல்லாரும் பிஸி, ஆனால் வேலை முடியவில்லை: என்ன செய்வது?

மொரிசியஸில், எபேன் சைபர்சிட்டியில் பத்துப் பேரை வைத்து டிசைன், சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கிளையன்ட்கள் பெரும்பாலும் பிரான்ஸ்காரர்கள். டீம் பிள்ளைகள் காலை எட்டரைக்கு வந்தால் இரவு எட்டு வரை உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சும்மா இல்லை. ஆனாலும் சொன்ன தேதிக்கு எதுவும் போவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கண்காணிப்பு மென்பொருளைப் போடலாமா? இல்லை, இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாமா?"

மென்பொருளைப் போடாதீர்கள். யாரும் சும்மா இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சும்மா இருப்பவரைப் பிடிக்கிற கருவி உங்களுக்கு என்ன சொல்லிவிடப் போகிறது? ஒரு டெவலப்பர் அரை மணி நேரம் காகிதத்தில் கோடு போட்டு யோசித்தால் ஸ்கிரீன்ஷாட்டில் அவர் வேலை செய்யாதவராகத் தெரிவார். மவுஸை அசைத்துக்கொண்டே இருப்பவர் நல்ல பெயர் வாங்குவார். அதோடு, ஊழியரின் திரையைப் படமெடுத்துச் சேமிப்பது தனிநபர் தரவைச் சேகரிப்பதுதான். அதற்கு நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். எதற்காக எடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது. இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கப்போவது டீமின் மனக்கசப்பு மட்டுமே.

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். இன்று உங்கள் கம்பெனியில் எத்தனை வேலைகள் ஆரம்பித்து முடியாமல் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று சொல்லப்படுபவை, கிளையன்ட் பதிலுக்காகக் காத்திருப்பவை, "சின்னத் திருத்தம்தானே" என்று நீங்களே வாங்கிக்கொண்டவை எல்லாம் கணக்கில் வர வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. கையில் திறந்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது வந்துவிடும். பன்னிரண்டு வேலை திறந்திருந்து வாரத்துக்கு மூன்று முடிந்தால், ஒவ்வொன்றும் நான்கு வாரம் எடுக்கும். வாரத்துக்கு மூன்று என்பது மாறாதவரை, திறந்திருப்பதை ஆறாகக் குறைத்தால் இரண்டே வாரம். ஓவர்டைம் இல்லை, புது ஆள் இல்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இது கணக்கு.

எனவே ஒருவருக்கு ஒரு முக்கிய வேலை. அது யாருடைய பதிலுக்காவது காத்துக் கிடக்கும் நேரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிறு வேலை. ஒன்று வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே வரலாம். இந்தக் கட்டுப்பாடு பிள்ளைகளுக்குக் கஷ்டமில்லை, உங்களுக்குத்தான் கஷ்டம். புது கிளையன்ட் போன் செய்யும்போது "உடனே ஆரம்பிக்கிறோம்" என்று சொல்லத்தான் வாய் வரும். "இந்த மாதம் 20-ஆம் தேதி ஆரம்பிக்கலாம், அடுத்த மாதம் 5-ஆம் தேதி கையில் தருகிறோம்" என்று சொல்லிப் பழகுங்கள். நாளைக்கே ஆரம்பித்து இழுத்தடிப்பவரைவிட, தேதி சொல்லி அந்தத் தேதியில் கொடுப்பவரைத்தான் கிளையன்ட் மறுபடி தேடி வருவார்.

இரவு எட்டு மணி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். மொரிசியஸ் நேரம் பாரிஸைவிட குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் கோடைகாலத்தில் இரண்டு மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. பாரிஸில் ஒருவர் காலை ஒன்பதுக்கு நாற்காலியில் உட்காரும்போது எபேனில் பகல் பதினொன்று அல்லது பன்னிரண்டு. அவர் மாலை ஐந்து மணிக்கு, கிளம்புவதற்கு முன் "இதை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இங்கே ஏழோ எட்டோ ஆகியிருக்கும். உங்கள் பிள்ளைகள் இரவு வரை உட்காருவதற்குக் காரணம் அந்த மெசேஜ்தான்.

ஆனால் இதே நேர வித்தியாசம் உங்களுக்குக் காலையில் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரத்தை இலவசமாகக் கொடுக்கிறது. அப்போது எந்த பிரெஞ்சு கிளையன்டும் உங்களைக் கூப்பிட மாட்டார். லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் கம்பெனிக்கு இந்த நிம்மதி கிடைக்காது. நீங்கள் அதை என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலான கம்பெனிகளைப் போல எட்டரை முதல் பத்தரை வரை மீட்டிங் வைக்கிறீர்கள் என்றால், அருமையான நேரத்தை வீணாக்குகிறீர்கள். மீட்டிங்கைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். காலையில் நீங்கள் உட்பட யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. கடினமான புரோகிராம் எழுதுவதும் புது டிசைனும் அப்போது நடக்கட்டும். கிளையன்டுக்குக் காட்டுவது, திருத்தம் கேட்பது, போன் எல்லாம் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கரை வரை. அதற்குப் பிறகு வருவதை ஒருவர் மட்டும் பார்க்கட்டும், வாரம் ஒருவராக முறை வைத்து. கிளையன்டின் இணையதளம் நின்றுபோனால் மற்றவர்களை உடனே எழுப்பலாம், மற்றதெல்லாம் மறுநாள் காலைக்கு. இந்த ஒழுங்கைப் புது ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய கிளையன்ட்களிடம் நேரில் பேசிப் புரியவையுங்கள்.

வேலை திரும்பத் திரும்பத் திறக்கப்படுவதற்கு இன்னொரு காரணத்தையும் பாருங்கள். டிசைனர் ஆங்கில மாதிரி வாசகத்தை வைத்துத் திரையை வரைகிறார். கிளையன்டும் பார்த்து ஒப்புக்கொள்கிறார். கடைசி வாரத்தில் உண்மையான பிரெஞ்சு வாசகம் வருகிறது. ஒரு சொல்லில் அடங்கிய பட்டன் மூன்று சொல்லாகி, போன் திரையில் இரண்டு வரியாக உடைகிறது. அதைச் சரிசெய்யப் போனால் பக்கத்தில் இருக்கும் விலை நகர்கிறது. டெவலப்பர் தன் இஷ்டத்துக்கு எழுத்தைச் சிறிதாக்குகிறார், டிசைனர் அதைப் பார்த்துக் கோபப்படுகிறார். மூன்று நாள் போய்விட்டது. பிரெஞ்சு வாசகம் கைக்கு வராமல் டிசைன் ஆரம்பிக்காதீர்கள். தேடியது கிடைக்காத திரை, பணம் கட்டுவது தோற்ற திரை, காலியான கூடை, இவற்றையும் டிசைனர் வரைந்து கொடுத்த பிறகே டெவலப்பர் தொடங்கட்டும். அந்த ஒப்படைப்புக்கு இரண்டு பேரும் ஒரே மேசையில் அரை மணி உட்கார்ந்தாலே போதும்.

தேதி கொடுக்கும்போது நம் நாட்காட்டியையும் பாருங்கள். ஜனவரி 1, 2, தைப்பூசக் காவடி, பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, மார்ச் 12 என்று ஆண்டின் தொடக்கத்தில் விடுமுறைகள் நெருக்கமாக வருகின்றன. அதே மாதங்கள்தான் புயல் காலமும். மூன்றாம் எண் எச்சரிக்கை விட்டால் அன்றைய வேலை நின்றது, சம்பளத்தைப் பிடிக்கவும் முடியாது. பாரிஸில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது, நீங்கள்தான் டிசம்பரிலேயே சொல்ல வேண்டும். அந்தக் காலாண்டில் வழக்கத்தைவிடக் குறைவாக ஒப்புக்கொள்ளுங்கள்.

சட்டப்படி சாதாரண வேலை வாரம் 45 மணி நேரம். எட்டரையிலிருந்து எட்டு வரை ஐந்து நாள் என்றால், சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தாலும் ஐம்பதைத் தாண்டுகிறது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு யாருக்கு என்ன பாக்கி என்பதை உங்கள் கணக்காளரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

இரண்டு பேரை எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். பத்துப் பேர் என்றால் ஒருவரோடொருவர் பேசவேண்டிய ஜோடிகள் 45. பன்னிரண்டு பேர் என்றால் 66. புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கப்போவதும் ஏற்கெனவே மூச்சுமுட்டும் உங்கள் மூத்த டெவலப்பர்தான். இப்போது எடுத்தால் தாமதம் கூடும். ஒவ்வொரு வேலையும் ஆரம்பித்த தேதியையும் கிளையன்ட் கைக்குப் போன தேதியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று மாதம் காலை நேரம் கலையாமல், ஒருவருக்கு ஒரு முக்கிய வேலை என்ற கட்டுப்பாடு தளராமல் நடந்தும், நல்ல வேலைகளுக்கு இரண்டு மாதம் தள்ளித் தேதி சொல்ல வேண்டிவந்தால், அப்போது ஒருவரை எடுங்கள். இருவரை வேண்டாம்.