போட்டுக் கொடுத்தவளா நான்?

"பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து, பத்திரிகை வரைக்கும் அடித்துவிட்டார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நான்தான் போன் செய்தேன், கல்யாணம் நின்றுவிட்டது. சொன்னது யார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனால் 'போட்டுக் குடுத்தவ வர்றா' என்று ஜாடை பேசுகிறார்கள். நான் செய்தது போட்டுக் கொடுத்ததா அண்ணா?"
- தருமபுரி மாவட்ட வாசகி

தங்கச்சி, உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். விட்டிருந்தால் நான்தான் உங்களைப் போட்டுக் கொடுத்தவன் ஆகியிருப்பேன்.

அந்த வார்த்தையை நாமெல்லாம் வகுப்பில்தான் கற்றுக்கொண்டோம். 'பேசியவர்கள்' என்று போர்டில் தலைப்புப் போட்டு லீடர் பெயர் எழுதுவானே, கடலை மிட்டாய் கொடுத்தவன் பெயரை அழித்துவிட்டு நம் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'மிகவும் அதிகம்' என்று சேர்ப்பானே, அதுதான் அசல் போட்டுக் கொடுப்பது. மேலே இருப்பவரிடம் நல்ல பேர் வாங்க, கூட இருப்பவனை மாட்டிவிடுவது. ஓசூர் பக்கம் கம்பெனியில் நாம் டீ குடிக்கப் போனதை சூப்பர்வைசர் காதில் போடுகிறவரும் அதே லீடர்தான், ஆள்தான் வளர்ந்திருக்கிறார்.

கோள் சொல்வது வேறு. அதில் விஷயம் உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாமியாரிடம் ஒன்று, மருமகளிடம் ஒன்று சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். காட்டிக் கொடுப்பது இன்னும் கனமான வார்த்தை, நம்பினவனையே பிடித்துக் கொடுப்பது. அதற்கு ஊரே எட்டப்பன் என்று ஒரு பெயரைத்தான் சொல்கிறது, 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டதோ எட்டப்பனின் எட்டயபுரத்தில் இல்லை, புதுக்கோட்டைச் சீமையில். பட்டம் எங்கே போய் ஒட்டியிருக்கிறது பாருங்கள்.

வள்ளுவரும் புறங்கூறாமை என்று பத்துக் குறளில் திட்டிவிட்டு, ஒற்றாடல் என்று வேறு பத்தில், ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். உங்கள் போனுக்கும் அதுதான் நடந்திருக்கும், வந்து வயசுச் சான்றைப் பார்த்த பிறகுதானே நிறுத்தியிருப்பார்கள்?

நம் ஏரிக்கரைகளில் ஆள்காட்டிக் குருவி இருக்கிறதே, தூரத்தில் ஒரு தலை தெரிந்தாலே கத்தித் தீர்க்கும். யாரிடமும் நல்ல பேர் வாங்க இல்லை. கூடுகூட இல்லாமல் வெறும் தரையில், சரளைக்கல்லோடு கல்லாக அதன் முட்டை கிடக்கும். நீங்கள் அந்தக் கட்சி.

சரி, குழாயடி. ஆமாம் நான்தான் என்று மார்தட்ட வேண்டாம். யாராவது நேராகவே கேட்டால், 18 வயசு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவைத்த பெரியவர்களுக்கு 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம், அதிலிருந்து யாரோ தப்பிக்க வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்குங்கள்.

அப்புறம், அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாளா என்று நீங்கள் எழுதவே இல்லையே? பேச்சு அடங்கியதும் சொந்தக்காரர் ஊரில் ஏதாவது ஒரு கோயிலில் வைத்துச் சத்தமில்லாமல் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஒரு கண் வைத்திருங்கள். அதே நம்பர்தான்.