பரம்பரைப் பண்ணை வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

நூறு வருஷத்துப் பண்ணை வீடு, சுற்றிலும் பத்து ஏக்கர், ஆறு மாசத்தில் திறக்க வேண்டும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் இதைச் செய்து நாலு வருஷம் ஆகிறது. மன்னார்குடிப் பக்கம். கொள்ளுத்தாத்தா காலத்தில் 5 வேலி நிலம் இருந்ததாம். ஒரு வேலி 20 மா, ஏறக்குறைய 6.67 ஏக்கர். இப்போது கையில் மிச்சம் இருப்பது ஒரு வேலிதான். வீடும் களமும் தொழுவமும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

முதல் இரண்டு மாசம் நாங்கள் வீட்டுக்குள் ஒரு வேலையும் செய்யவில்லை. கொல்லைக் கிணற்றின் சுவர் முழங்கால் உயரம்தான் இருந்தது. எங்களுக்குப் பழகிப்போனது, வெளியூரிலிருந்து வரும் எட்டு வயசுப் பிள்ளைக்கு அது எட்டிப் பார்க்கத் தோதான உயரம். சுவரை உயர்த்தினால் பழைய தோற்றம் கெட்டுவிடும் என்று மேலே கம்பிவலை போட்டோம். குளத்துப் படியில் பாசி, அதனால் அந்தப் பக்கம் கயிறு கட்டியாயிற்று. நடக்கிற வழிக்கு மேலே தென்னை சாய்ந்திருந்தால் ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை காய் பறித்து, காய்ந்த மட்டையும் கழித்தாக வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் மரங்களில் பாதி போய்விட்டதால் அந்தக் கவலையும் பாதிதான். வைக்கோல் போரை வழியை விட்டு நகர்த்திப் போடுங்கள். பிள்ளைகள் நேராக அதில்தான் போய் விழும், உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

கழிப்பறை. இதை நாங்கள் கடைசிக்குத் தள்ளினோம், தப்பு. முதலில் வந்த பள்ளிக்கூடப் பேருந்தில் 52 பிள்ளைகள், வீட்டில் இருந்ததோ ஒரே கழிப்பறை. அன்றைக்கு யாரும் பண்ணையைப் பார்க்கவில்லை, வரிசையில்தான் நின்றார்கள்.

அப்புறம் சுவர். நான் மன்றாடிக் கேட்பது, பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். எங்கள் வெளிச்சுவரில் இடுப்புக்குக் கீழே காரை உதிர்ந்திருந்தது. கொத்தனார் ஒரே நாளில் சிமெண்ட் பூசி வழவழவென்று ஆக்கிவிட்டுப் போனார். எல்லாருக்கும் சந்தோஷம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால், சிமெண்ட் பூச்சுக்கு மேலே ஒரு முழம் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, நல்லா இருந்த காரையும் பொத்துப்பொத்தென்று விழுகிறது. எங்கள் பக்கம் நிலத்தடி ஈரம் எப்போதும் மேலேயே நிற்கும், செங்கல் அதை விளக்குத் திரி மாதிரி உறிஞ்சும். சுண்ணாம்பு பூசியிருந்தால் அந்த ஓதம் சுவர் வழியாகவே காய்ந்துவிடும். சிமெண்ட் வழியை அடைப்பதால் ஈரம் மேலே ஏறி வேறு இடம் தேடுகிறது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு மணலோடு அரைத்துப் பூசினோம். செலவு சிமெண்டைப் போல மூன்று மடங்கு ஆனது.

மாடு வாங்குவதாக இருந்தால் உங்கள் பக்கத்து மாட்டையே வாங்குங்கள். ஒரு நண்பர் கம்பீரமான காங்கேயம் காளை ஜோடி கொண்டுவந்து கட்டச் சொன்னார், போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். இந்தச் சேற்று வயலை உழுதது உம்பளச்சேரி மாடு. குட்டைக் கால், கட்டான உடம்பு. கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து, சில மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், போன தடவை வந்த பிள்ளைகள் அடுத்த தடவை வந்து “அந்தச் சிவப்புக் கன்றுக்குட்டி எங்கே?” என்று தேடும். காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் பழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றும் பெயர். நாங்கள் தீய்ப்பதில்லை.

எந்த மாசம் திறப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். காவிரிப் பாசனப் பகுதி என்றால் தை, மாசிதான். சம்பா அறுவடை, களத்தில் ஆள் நடமாட்டம், வெயிலும் இதம். சித்திரையில் வந்தால் வெடித்துக் கிடக்கும் வயலைத்தான் காட்ட முடியும்; ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் மறுபடி உயிர். மற்ற மாசங்களில் நாங்கள் கேட்டுக்கொண்டு வருபவர்களுக்கு மட்டும் திறக்கிறோம். ஆளுக்கு 100 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. லாபம் இல்லை, ஓடு மாற்ற ஆகிறது.

சரி, இதெல்லாம் காசு இருந்தால் நடந்துவிடும். எங்களுக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது வேறு. உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பின்கட்டில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் ஒன்று இருக்கிறது, ஒரு சின்ன அறை அளவு. பலகை மேல் பலகையாக அடுக்கியது. கழற்றி மாட்டும்போது வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் தச்சர் உளியால் கோடு போட்டிருக்கிறார், ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று. (மேல் மூடியைப் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் உள்ளே இறங்கிவிடும்.) அதைச் சுத்தம் செய்யும்போது அடியில் நெல் அளக்கும் இரும்பு மரக்கால்கள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் முத்திரை குத்தியிருந்தது. மற்றதில் ஒன்றும் இல்லை. பார்க்க ஒரே மாதிரி. முத்திரை மரக்கால் நிறைய நெல் எடுத்து மற்றதில் கொட்டிப் பார்த்தேன். நிரம்பி வழிந்து, தரையில் மூன்று கை நெல் கிடந்தது. 12 மரக்கால் ஒரு கலம். கலத்துக்கு எத்தனை கை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் கேட்டேன். “அது வாங்குற மரக்கா, இது குடுக்குற மரக்கா” என்றார், காய் நறுக்கிக்கொண்டே.

சித்தப்பா அதை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். “வர்றவன் முன்னாடி நம்ம மானத்தை ஏன்டா அளந்து காட்டணும்?” அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்த மண்ணில் 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் கட்டியது எதற்கு? பண்ணையாளுக்குச் சவுக்கடியும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் கொடுத்ததை எதிர்த்துத்தானே. தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்குப் பிறகும் கூலி நெல் தகராறு தீராமல், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இதே கீழத்தஞ்சையில் நின்றுகொண்டு ஏர், கலப்பை, முறுக்கு, மோர் என்று மட்டும் எப்படிக் காட்டுவது?

தம்பி வர்ஜீனியாவில் வேலையில் இருந்தபோது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ பண்ணைக்குக் கூட்டிப்போனான். அதை 1923இல் ஒரு அறக்கட்டளை வாங்கியது. வெகுகாலம் மாளிகையும் தோட்டமும்தான் அங்கே பெருமை. வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்த மனிதர் அவர். அவர்கள் வாழ்ந்த மல்பெரி ரோவில் ஒரு குடிசையை மறுபடி கட்டி 2015இல் திறந்தார்கள். அவருக்கு அடிமையாக இருந்து அவருடைய பிள்ளைகளைப் பெற்ற சாலி ஹெமிங்ஸ் பற்றிய அறை 2018இல்தான் வந்தது. மாளிகையில் பேசிக்கொண்டே வந்த கூட்டம் அந்த அறையில் பேசவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு மரக்காலை மறைக்க மனசு வரவில்லை.

பத்தாயத்துக்குப் பக்கத்தில் இரண்டையும் ஒரு பலகை மேல் வைத்தோம், கீழே ஒரு முறம் நெல். வருகிறவர்களே அளந்து பார்க்கலாம். அத்தை சொன்னதை அப்படியே அட்டையில் எழுதினோம்.

தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவருடைய அப்பா எங்கள் பண்ணையாள். சின்ன வயசில் நாங்களும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். இப்போது அம்மா என்கிறேன், அவருக்கு அது சிரிப்பாக இருக்கிறது. வந்து பேசுவீர்களா என்று கேட்டதற்கு, “காட்டுறதைக் காட்டு தம்பி, நான் வந்து நிக்க மாட்டேன்” என்றுவிட்டார். வற்புறுத்தவில்லை. அவருடைய பேரன் சனி, ஞாயிறு வந்து விளக்குகிறான், நாள் சம்பளத்துக்கு. என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் அவனுக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

போன மாசி மாசம் ஒரு சாயங்காலம், கூட்டம் போன பிறகு, அந்த அம்மா தானாகவே வந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சின்ன மரக்காலை எடுத்து நெல்லை அள்ளி, உள்ளங்கையால் ஒரு இழுப்பில் தலை தட்டினார். “கூலிக்கு இப்புடி. அவுக வாங்கும்போது கோபுரம்.” அவ்வளவுதான் சொன்னார். நெல்லை முறத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வரியையும் அட்டையில் சேர்த்திருக்கிறோம். சித்தப்பா இன்னும் அந்தப் பக்கம் வருவதில்லை.