இசைக்கருவி மருத்துவம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தேவாலயப் பாடற்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். கோடையில் நன்றாக இருந்த கருவி, மழை பிடித்ததும் முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்குள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) 'கர்ர்' என்று இரைகிறது. உடலில் தந்திகள் முடியும் பிரிட்ஜில், தந்திகளைத் தாங்கும் சிறு துண்டுகளான சேடில்களை உயர்த்தினேன். இரைச்சல் குறைந்தது, இப்போது அழுத்தினால் விரல் வலிக்கிறது. என்ன செய்யலாம், ஐயா?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: முதலில் சேடிலிலிருந்து கையை எடுங்கள், தம்பி. கோளாறு கழுத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் என் மேசைக்கு வரும் கருவிகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

மும்பை மழையில் மரம் ஈரத்தைக் குடிக்கும். கழுத்தின் வளைவு மாறும். நான்கு தந்திகளின் இழுப்பைத் தாங்கக் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதுதான் டிரஸ் ராட். தந்தி அதிர இடம் வேண்டும் என்பதால், கழுத்து முன்பக்கம் மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். அந்தக் குழிவு போய்விட்டால் உங்களுக்கு நேர்ந்ததுபோல முதல் சில ஃபிரெட்டுகளில் இரையும். உடலை ஒட்டிய ஃபிரெட்டுகளில் மட்டும் இரைந்திருந்தால் சேடிலைச் சந்தேகிக்கலாம். விரல் வைக்காதபோது மட்டும் இரைந்தால், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் 'நட்' என்ற பட்டையின் பள்ளம் தேய்ந்திருக்கும்.

சோதிப்பது எளிது. நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்து, வாசிக்கிற நிலையிலேயே மடியில் வையுங்கள். தடித்த ஈ தந்தியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுப் பக்கம், தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். ஏறத்தாழ 0.3 மி.மீ. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். கார்டை நுழைக்க வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

நுழையவில்லையா? டிரஸ் ராடை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி பாருங்கள். தண்டைத் திருப்ப அளவு பொருந்தாத சாவியைப் போட்டால் தண்டின் முனை மழுங்கிவிடும். பிறகு செலவு பெரிது. இறுகி அசைய மறுத்தால் வீரம் காட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கழுத்து சரியானபின் சேடில்களை இறக்கலாம். 12ஆவது ஃபிரெட்டில் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தால், தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஈ தந்திக்கு 2.5 மி.மீ., மெல்லிய ஜி தந்திக்கு 2 மி.மீ. இடைவெளி பெரும்பாலோருக்குப் போதும். கடைசியாக, அதே ஃபிரெட்டுக்கு நேரே தந்தியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கையும், அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைக் கழுத்தைவிட்டுப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி முன்னே. இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: பேஸ் தந்திகள் விலை அதிகம். பழையவற்றை வெந்நீரில் கொதிக்கவைத்தால் புதுசாகிவிடும் என்கிறார்களே?
- வாசகி, செம்பூர்

பதில்: சுற்றுக்கம்பிக்கு இடையே ஏறிய அழுக்கும் வியர்வைப் பிசுக்கும் போகும், ஒலி கொஞ்சம் பளிச்சென்று வரும். ஆனால் அந்தப் பளபளப்பு நீடிக்காது. சரியாக உலராவிட்டால் துரு வேறு. கழற்றிக் கழற்றி மாட்டினால் சுருதி முறுக்கும் முளையில் சுற்றும் இடம் நொந்து அறுந்துவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்தியின் அடிப்புறத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் அதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

கேள்வி: என் ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ள பேஸ் கிதார்) 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பழுதா?
- வாசகர், முலுண்ட்

பதில்: இரவெல்லாம் கேபிளைச் செருகியே வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் அந்தச் செருகுதுளைதான் சுவிட்ச். வாசிக்காதபோது பிடுங்கிவிடுங்கள், அப்படியும் தீர்ந்தால் எழுதுங்கள்.